தோற்றுக் காட்டினால்தான் மாத்திரை

தோற்றால்தான் கிடைக்கும் என்று டாக்டர் பெல்ட்மன் சொன்னபோது டேரில் வோக்ட் வாய்விட்டுச் சிரித்தான்.

"அதுல நான் கெட்டிக்காரன் டாக்டர். பள்ளிக்கூடத்துலேர்ந்தே பழக்கம்."

டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவன் மனைவி ஹைடியும் சிரிக்கவில்லை.

டேரில் வேலை பார்க்கும் சீஸ் ஆலை, புத்தாண்டிலிருந்து தன் ஆட்களின் மருத்துவக் காப்பீட்டை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டது. டேரில் ஆறு வருஷமாகத் தினம் காலையில் விழுங்கிவரும் கவனச் சிதறலுக்கான மாத்திரைக்குப் புதிய நிறுவனம் உடனே பணம் தராது. அதே வியாதிக்கு வேறொரு மலிவான மாத்திரை இருக்கிறது. முதலில் அதைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

"அது சரிப்படலைன்னு நிரூபிச்சா, பழையதைக் கொடுப்பாங்க" என்றார் டாக்டர்.

"சரிப்படலைன்னா என்ன அர்த்தம்?" ஹைடி கேட்டாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏதாவது கெட்டுப்போகணும், ஹைடி. வேலையில, இல்ல வீட்டுல. கெட்டது ரெக்கார்டுல ஏறணும்."

"நாமே காசு கொடுத்து வாங்கிட்டா?"

அவர் சொன்ன தொகை அவர்களுடைய வீட்டுக் கடனின் மாதத் தவணையில் பாதிக்கு மேல் இருந்தது.

மாத்திரைக்கு முந்தைய டேரிலை அவளுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று அவளிடம் கேட்க மோதிரம் வாங்கி, அதைத் தூண்டில் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கோடைக்காலம் முழுக்கத் தேடியவன் அவன். அப்போது அது வேடிக்கையாக இருந்தது. பிறகு வேலைகள் ஒவ்வொன்றாகப் போயின. மரக்கிடங்கு, டயர் கடை, பள்ளிப் பேருந்து. திறமை இல்லாமல் இல்லை. எந்தப் பொறியையும் பிரித்துப் பூட்டுவான். பாதி பூட்டும்போது வெளியே ஒரு நாய் குரைத்தால், மீதி நினைவில் இருக்காது. நாற்பதை நெருங்கும்போதுதான் ஒரு டாக்டர் அதற்குப் பெயர் வைத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பிட ஆரம்பித்த வாரத்தில், தான் வேலை பார்க்கும் முடி வெட்டும் கடையில் நடந்த ஏதோ கதையை ஹைடி சொல்லிக்கொண்டிருந்தாள். முடித்ததும் அவன், "அப்புறம் அந்தப் பொம்பளை என்ன சொன்னா?" என்று கேட்டான். அவள் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

அதற்குப் பிறகுதான் சீஸ் ஆலை. ஆறு வருஷம் ஒரே இடம். சீஸ் செய்கிறவனுக்கான மாநில உரிமம்கூடத் தேர்வு எழுதி வாங்கினான். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள்.

மலிவான மாத்திரை மதியம் வரை ஓடியது. பிறகு, மேஜை விரிப்பை யாரோ உருவியது போல, மேலே இருந்த அத்தனையும் ஒரே நேரத்தில் விழுந்தது. வேர்த்துக் கொட்டியது. வாய் உலர்ந்தது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே யாரையாவது கடித்துக் குதறுகிற முகம். இரவில் தூக்கமில்லை. பிப்ரவரியில் ஒருநாள், ஒரு தொட்டியின் அடி வால்வை மூடாமல் பால் நிரப்பினான். வால்வு மூடியிருக்கிறதா என்று பார்க்க ஆள் வருவதற்குள் பாதிப் பால் சாக்கடைக்குப் போய்விட்டது. மேற்பார்வையாளர் கென், டேரிலோடு ஒரே வகுப்பில் படித்தவன், தனியாகக் கூப்பிட்டான்.

"உனக்கு என்னடா ஆச்சு?"

"மாத்திரை மாறிடுச்சு கென்."

"பழையதை வாங்கு. எப்படியாவது வாங்கு. இன்னொரு தடவை இப்படி நடந்தா மேலிடத்துல உனக்காக என்னால பேச முடியாது."

பால் சாக்கடைக்குப் போனதில் ஹைடிக்கு ஒரு பக்கம் பயமாக இருந்தாலும், இன்னொரு பக்கம் வெட்கக்கேடான ஒரு நிம்மதி. கெட்டுவிட்டது. ரெக்கார்டில் ஏறிவிட்டது. டாக்டர் பெல்ட்மன் எழுதி அனுப்பினார். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டு விசாரிப்பாள் என்றார்கள்.

பத்து நாள் கழித்து, ஹைடி நர்ஸின் அழைப்பை எதிர்பார்த்துக்கொண்டிருக்க, கடிதம் வந்தது. நிராகரிப்பு. காரணம் ஒரே வரியில் இருந்தது: மாற்று மருந்தில் தாம் நலமாக இருப்பதாக உறுப்பினரே தொலைபேசியில் தெரிவித்துள்ளார்.

டேரில் வேலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றும்போதே ஹைடி கடிதத்தை நீட்டினாள்.

"நர்ஸ் கூப்பிட்டாளா?"

"யாரோ கூப்பிட்டாங்க. போன வாரம். சாப்பாட்டு நேரத்துல. நல்ல பொம்பளை. இண்டியானாவுல பனி இன்னும் விடலையாம்."

"என்ன கேட்டா?"

"புது மாத்திரை எப்படி இருக்குன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

டேரில் ஒரு பூட்ஸைக் கையில் பிடித்தபடி நின்றான். விஷயம் மெல்லப் புரிவது அவன் முகத்தில் தெரிந்தது.

"குறை சொல்ல ஒண்ணுமில்லைன்னு சொன்னேன்."

"டேரில்!"

"எப்படி இருக்கேன்னு ஒருத்தி கேட்டா வேற என்ன சொல்றது? பக்கத்துல ஆலைப் பசங்க சாப்பிட்டுட்டு இருக்காங்க. என் மாத்திரைக் கதையை அங்கே உட்கார்ந்து அழச் சொல்றியா?"

"பால் கொட்டுனதைச் சொல்லியிருக்கலாம்ல? தூக்கம் வராததை?"

"கேட்டா சொல்லியிருப்பேன். அவ கேட்கலை. 'ரொம்ப சந்தோஷம் மிஸ்டர் வோக்ட்'னு சொல்லிட்டு வெச்சுட்டா." பூட்ஸைச் சுவரில் எறிந்தான். சுவரில் மாட்டியிருந்த உரிமம் ஆடியது. உடனே போய் அதை நேராக்கினான். "நம்ம ஊர்ல யாராவது வேற மாதிரி சொல்லுவாங்களா ஹைடி? நீ சொல்லுவியா?"

அவளுடைய அப்பா புற்றுநோயில் கிடந்தபோது, பாதிரியார் நலம் விசாரித்ததற்கு, பரவாயில்லை, இதைவிட மோசமா இருந்திருக்கலாம் என்றுதான் சொன்னார். மறுநாள் செத்துப்போனார்.

மேல்முறையீடு செய்யலாம் என்றார் டாக்டர் பெல்ட்மன். நிறுவனத்தின் டாக்டர் ஒருவர் தொலைபேசியில் நேரடியாகக் கேட்பார். கணவன் மனைவி இருவரும் பேசலாம். இதுதான் கடைசி வாய்ப்பு.

ஹைடி முடி வெட்டும் கடையின் சொந்தக்காரி மரிசோல், சிகாகோவில் பிறந்து வளர்ந்தவள். கடிதக் கதையைக் கேட்டு அவள் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"உங்க ஊர்க்காரங்களை நான் பதினஞ்சு வருஷமாப் பார்க்குறேன்டி. வீடு பத்தி எரிஞ்சாலும் தீயணைப்புக்காரன்கிட்ட, 'கொஞ்சம் கதகதப்பா இருக்கு'ன்னுதான் சொல்வீங்க."

"சிரிக்காதே மரி."

"சரி, வா. நான்தான் அந்த டாக்டர்." மரிசோல் முடி உலர்த்தும் நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, மூக்கால் பேசினாள். "மிஸஸ் வோக்ட், உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?"

"கொஞ்சம் சிரமமாத்தான் இருக்கு."

"தப்பு! கொஞ்சம்ங்கறதை எடு. மறுபடியும் சொல்லு."

"சிரமமா இருக்கு. ஆனா அவரு முயற்சி பண்றாரு..."

"ஐயோ, அவன் நல்லவன்னு சர்டிஃபிகேட் கொடுக்கவா கூப்பிட்டிருக்காங்க? அவன் உன் பிராணனை எடுக்குறான்னு சொல்லு. அழு. மூக்கைச் சிந்து. எங்க அம்மா பொது ஆஸ்பத்திரியில நின்னா நாலு தெரு கேட்கும். உள்ளே கூட்டிட்டுப் போய் நாற்காலி போடுவாங்க."

தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி, "எங்களுக்கு அதெல்லாம் வராதும்மா" என்றாள் வருத்தமாக.

மேல்முறையீடு மார்ச் கடைசி வியாழக்கிழமை மதியம் என்று குறித்துக் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் டேரில் அமைதியாக இருந்தான். வழக்கம்போல விடியும் முன்னே கிளம்பினான், சாப்பாட்டுப் பெட்டியோடு. திரும்பி வந்ததும் கத்தவில்லை. வாரா வாரம் ஊரே கூடும் வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு மட்டும் வரமாட்டேன் என்றான். கென் அங்கே வருவான், பால் விஷயத்தை வைத்துக் கிண்டல் செய்வான் என்று ஹைடி புரிந்துகொண்டாள். வியாழனன்று மதியமே வீட்டில் இருந்தான். லீவு சொல்லிட்டேன் என்றான்.

சமையலறை மேஜையின் நடுவில் கைபேசியை வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

மறுமுனையில் பேசியவர் டாக்டர் விட்லாக். குரல் மோசமில்லை; களைத்த குரல். அன்றைக்கு அவருக்கு எத்தனையாவது அழைப்போ.

"மிஸஸ் வோக்ட், இந்த மருந்துக்கு மாறின பிறகு வீட்டுல என்ன வித்தியாசம்?"

ஹைடி ஆரம்பித்தாள். மதியத்துக்குப் பிறகு மருந்து இறங்கிவிடுவதைச் சொன்னாள். தூக்கமின்மையைச் சொன்னாள். அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டுக் கார் ஷெட்டுக்குப் போய்விட்டதைச் சொன்னாள். உடனே, "நான் பார்த்துட்டேன், ஒண்ணும் ஆகலை" என்று தானே சேர்த்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகலை" என்று டாக்டர் திருப்பிச் சொன்னார். எதையோ தட்டச்சு செய்யும் சத்தம். "வேலையில?"

"ஒரு தடவை பால் கொட்டிடுச்சு. ஆனா மேற்பார்வையாளர் நல்ல மாதிரி. எங்களுக்குத் தெரிஞ்சவர். அனுசரிச்சுப் போறாரு."

"அப்போ வேலை தொடருது."

"ஆமா."

மறுபடியும் தட்டும் சத்தம். மரிசோல் எடு, எடு என்று சொன்ன அத்தனை சொற்களையும் தானே திரும்பப் போட்டுவிட்டது அவளுக்கே தெரிந்தது.

"மிஸஸ் வோக்ட், உங்க சிரமம் புரியுது. ஆனா நீங்க சொன்னதெல்லாம் பக்க விளைவுதான். மருந்து தோத்துடுச்சுன்னு எழுத எனக்கு இது போதாது. வேற ஏதாவது இருக்கா?"

ஹைடி எதிரே இருந்தவனைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தாள்.

"ராத்திரி அவர் படுக்க வரும்போது நான் தூங்குற மாதிரி நடிப்பேன்" என்றாள். "முழிச்சிருந்தா பேச ஆரம்பிப்பாரு. ஒரு பேச்சு இன்னொண்ணுக்குத் தாவும், நடுவுல ஏதாவது ஒரு வார்த்தை பிடிக்காமப் போயிடும், சண்டையாகும். அதனால மூச்சை மெதுவா விட்டுட்டுக் கிடப்பேன். அவரு என் தோளைத் தொடுவாரு. நான் அசையமாட்டேன். அவரு எழுந்து போய் இருட்டுல சோஃபாவுல உட்கார்ந்திருப்பாரு. எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொம்பது வருஷம் ஆகுது. எங்க அக்கா வீட்டுல ஒரு அறை காலியா இருக்கு. தினம் அதை நெனச்சுப் பார்க்குறேன்."

அவள் தன் வாழ்நாளில் வேறு யாரிடமும் இவ்வளவு சொன்னதில்லை. மரிசோலிடம்கூட.

"புரியுது" என்றார் டாக்டர். தட்டும் சத்தம் கேட்கவில்லை. "இது கணவன் மனைவிக்குள்ள இருக்கற விஷயம். நான் கேட்கறது மருத்துவ ரீதியா வேற ஏதாவது..."

"என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க" என்றான் டேரில்.

ஹைடி நிமிர்ந்தாள்.

அவன் கைபேசியை நோக்கிக் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசினான். "மிஸ்டர் வோக்ட் பேசறேன். ரெண்டு வாரம் ஆச்சு. மதியத்துக்கு மேல நடந்தது. குழாய் கழுவுற காரத் தண்ணி, பட்டா தோலை அரிக்கும், அது ஓடிட்டு இருந்தது. வால்வைத் தப்பாத் திருப்பி, அதைப் பால் இருந்த தொட்டிப் பக்கம் விட்டுட்டேன். வேணும்னு இல்ல. திருப்பினதே எனக்குத் தெரியாது. சோதனையில பிடிச்சுட்டாங்க, மொத்தத் தொட்டியையும் கொட்டிட்டாங்க. வெளியே போயிருந்தா யாராவது ஒரு குழந்தை சாப்பிட்டிருக்கும். ஆலைக்குப் போன் பண்ணிக் கேளுங்க. கென்னு பேரு. அவரு சொல்லுவாரு."

தட்டச்சுச் சத்தம் மீண்டும் தொடங்கி, நீண்ட நேரம் கேட்டது.

"பாதுகாப்பு சம்பந்தப்பட்ட சம்பவம், வேலை இழப்பு" என்றார் டாக்டர் விட்லாக். "இது போதும் மிஸ்டர் வோக்ட். பழைய மருந்துக்கு ஒப்புதல் கொடுக்கறேன். ஒரு வருஷத்துக்கு. உங்க காப்பீடு நடப்புல இருக்கற வரைக்கும்." பிறகு கொஞ்சம் தயங்கி, "கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார். வைத்துவிட்டார்.

ஹைடி கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடப்பில் இருக்கிற வரைக்கும். காப்பீடு ஆலையுடையது. ஆலையில் வேலை இல்லை.

"எப்போ வரைக்கும்?"

"செவ்வாய்க்கிழமை. மாசக் கடைசி."

"அதுக்கப்புறம்?"

"முழுப் பணத்தையும் நாமே கட்டினா அதையே தொடரலாம்னு காகிதம் கொடுத்தாங்க. வீட்டுக் கடன் தவணையைவிட ஜாஸ்தி. இல்லேன்னா அரசாங்கக் காப்பீட்டுக்கு மனுப் போடலாம். இல்லேன்னா வேற வேலை, வேற கம்பெனி." அவன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். "அவங்களும் முதல்ல மலிவானதைச் சாப்பிட்டுப் பாருன்னு சொல்லலாம்."

அவள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். "மருந்துக்கடை ஆறு மணிக்கு மூடிடும்."

வண்டியை அவள்தான் ஓட்டினாள். ஏரியிலிருந்து வந்த காற்றில் சாலையோரத்து அழுக்குப் பனி உருகிக்கொண்டிருந்தது. மருந்துக்கடைப் பெண் கணினியைப் பார்த்து, "அட, ஒப்புதல் வந்துடுச்சே, இவ்வளவு சீக்கிரம் வராது, நீங்க அதிர்ஷ்டக்காரங்க" என்றாள். டேரில் அவளுக்கு நன்றி சொன்னான். இந்த வகை மாத்திரையை ஒரு மாதத்துக்குமேல் தரச் சட்டம் இடம் கொடுக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். கேட்கவில்லை.

வண்டியில் உட்கார்ந்ததும் அவன் குப்பியைக் கோட்டுப் பைக்குள் வைத்தான்.

"இதை இப்போ தொடமாட்டேன். புது வேலை கிடைச்சதும், சேர்ற அன்னிலேர்ந்து சாப்பிடறேன். முதல் மாசம் ஒழுங்கா இருந்துட்டா அப்புறம் தாக்குப்பிடிக்கலாம்."

"வேலை தேடறதுக்குத் தலை வேண்டாமா? எந்த முதலாளி முன்னாடி போய் எப்படி உட்காருவே?"

"காரத் தண்ணி விஷயம் இந்த மாவட்டத்துல இருக்கற எல்லா ஆலைக்கும் தெரியும். எப்படி உட்கார்ந்தா என்ன?"

அவள் சாவியைத் திருப்பவில்லை. இரு கைகளும் ஸ்டியரிங்கின் மேலேயே இருந்தன.

"ரெண்டு வாரம். சாப்பாடு கட்டிக் கொடுத்தேன் டேரில். எங்கே போனே?"

"படகுத் துறைக்கு. வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஏரியில ஐஸ் உடையறதைப் பார்த்துக்கிட்டு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா மேல்முறையீட்டுல நீ சொல்லிடுவே. ஆலை ஆள் இல்லைன்னு தெரிஞ்சா என்ன ஆகும்னு எனக்குப் புரியலை. முதல்ல ஒப்புதல் வரட்டும்னு பார்த்தேன்."

"அப்புறம் ஏன் நீயே சொன்னே?"

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். கடைப் பையன் ஒருவன் சாமான் வாங்கும் தள்ளுவண்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி இடித்துத் தள்ளிக்கொண்டு போனான்.

"நீ தூங்குற மாதிரி நடிக்கறதைச் சொன்னே. உனக்கு அது வாயிலிருந்து வர எவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னு எதிர்ல உட்கார்ந்து பார்த்தேன். அதைக் கேட்டுட்டு அந்தாளு வேற ஏதாவது இருக்கான்னு கேட்குறான். நீ இன்னும் எதையாவது தோண்டி எடுத்துடுவியோன்னு பயமாயிடுச்சு." அவள் பக்கம் திரும்பினான். "நீ நடிக்கறது எனக்குத் தெரியும் ஹைடி. நிஜமாத் தூங்கும்போது நீ லேசாக் குறட்டை விடுவே."

அவளுக்கு அழுகை வரவில்லை.

"அக்கா வீட்டுக்குப் போறியா?" என்று கேட்டான்.

"தெரியலை."

போகமாட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அன்றைக்கு முடியவில்லை. அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"அதைக் கொடு" என்று கையை நீட்டினாள். குப்பியை வாங்கித் திறந்து, ஒரு மாத்திரையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "சாப்பிடு."

"இப்பவா? மணி நாலாகுது. விடிய விடியத் தூக்கம் வராது."

"வர வேண்டாம். நானும் தூங்கப்போறதில்ல. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு முழுசாச் சொல்லு. கென் என்ன சொன்னான், நீ என்ன சொன்னே, எல்லாம். அரைகுறையா வேண்டாம்."

"முப்பதுல ஒண்ணு வீணாப் போகும்."

"போகட்டும்."

அவன் அதை அப்படியே, தண்ணீர் இல்லாமல், விழுங்கினான். இரண்டு முறை எச்சில் கூட்டி உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

"வேலை செய்ய அரை மணி நேரமாவது ஆகும்."

"இருக்கேன்."

ஆனால் அவன் காத்திருக்கவில்லை. உடனே ஆரம்பித்துவிட்டான். மதியச் சாப்பாடு முடிந்து உள்ளே வந்தது, கையுறை மாட்டியது, மூன்றாம் தொட்டியில் பால் ஏறத் தொடங்கியது. கூரை விசிறி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டிருந்ததாம். அதற்கு எண்ணெய் போட வேண்டும் என்று கென்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறானாம். போன வருஷமும் இதே மாதிரிதான், பனிக்காலத்தில் மேல்தளத்து விசிறி ஒன்று கழன்று, அதைச் சரிசெய்ய வந்த ஆள் ஏணியிலிருந்து விழுந்து, அவனுக்கு இடுப்பில் தகடு வைத்து, பாவம், அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள், மூத்தவள் ஐஸ் ஹாக்கி ஆடுவாள்...

வண்டிக் கண்ணாடியில் அவர்கள் மூச்சு படிந்து, வெளியே எதுவும் தெரியாமல் போனது. ஹைடி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வால்வு" என்றாள். "காரத் தண்ணி வால்வைப் பத்திச் சொல்ல வந்தே."